கறுப்பு வென்றது

அந்தப் பையைக் காலால் தள்ளாதீர்கள், தம்பி. உள்ளே இருப்பது அறிவு. அச்சடித்த அறிவு. கட்டுப் பிரிக்காமல் பாதி அப்படியே இருக்கிறது.

பரவாயில்லை, உட்காருங்கள். நெற்றியில் பட்டை, மடியில் அர்ச்சனைத் தேங்காய். என் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசிக்கிறீர்கள், இல்லையா? தாராளமாக உட்காரலாம். எனக்கு மனிதர்களோடு தகராறு கிடையாது, அவர்கள் நெற்றியோடுதான்.

என் பெயர் செங்கண்ணன். பெற்றவர்கள் வைத்தது சாமிக்கண்ணு. இயக்கத்தில் சேர்ந்த அன்றே சாமியை வெட்டி எறிந்தேன். மிச்சம் கண்ணு. போராட்டக்காரன் கண்ணு என்று கையெழுத்துப் போட முடியுமா? சிறையில் வார்டர் கூப்பிட்டால் கொஞ்சுகிற மாதிரி இருக்கும். அதனால் செங்கண்ணன் ஆனேன். சிரிக்கிறீர்கள். அதற்குள் கண்ணன் உட்கார்ந்திருக்கிறானே என்று கண்டுபிடித்த முதல் ஆள் நீங்கள் இல்லை.

நான் மேலக்கொன்றையில் இறங்க வேண்டும். நீங்கள் அதற்கும் அப்பாலா? நல்லது. அப்படியானால் கேட்டே தீர வேண்டும். அந்தக் கண்டக்டர் என்னை ஏன் முறைக்கிறார் என்பதும் இதிலேயே வரும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தைத் துண்டறிக்கையில் படித்தேன். உலகம் எப்படித் தோன்றியது, ஒரு பக்கம். மனிதன் எங்கிருந்து வந்தான், பின்பக்கம். நன்கொடை அனுப்ப வேண்டிய முகவரி, கீழே. ஒரு மனிதனுக்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு இந்தத் துறையூர் வட்டாரத்தையே ஆட்டிப் படைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் வரவழைப்பேன். கத்தியில் செம்பருத்திச் சாறு, வேறொன்றுமில்லை. காப்புக் கட்டாமல், விரதம் இருக்காமல் தீ மிதித்துக் காட்டினேன். கால் வெந்துவிட்டது. அதை வெளியே சொல்லவில்லை. கொள்கை முக்கியம்.

அப்படிப்பட்ட என்னை இயக்கம் நீக்கியது. என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? கட்டுப்பாட்டை மீறினேனாம். கட்டுப்பாடு! கறுப்புச் சட்டையும் கட்டுப்பாடும் எனக்கு இரண்டு கண். நான் தனி இயக்கம் கண்டேன். தலைவர் நான், செயலாளர் நான், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுபவனும் நான். அதிலும் ஒருமுறை பிளவு வந்தது, அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலக்கொன்றை உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் மன்றம் ஒன்று உண்டு. எஸ்தர் டீச்சர் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அறிவியல் முறை என்றால் என்ன என்று பேச என்னைக் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவது? போனேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து, செம்பருத்தி ரகசியத்தையும் சொன்னேன். கைதட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் கைதட்டவில்லை. எழுந்து, "ஐயா, செம்பருத்தி தடவாத கத்தியால இன்னொரு பழத்தை அறுத்துக் காட்டுங்க" என்றது.

எதற்கு என்றேன்.

"பழத்துலயே ஏதாச்சும் இருந்தா?"

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதன் பெயர் ஹர்ஷவர்தினி. எனக்கு வாயில் நுழையவில்லை, நுழைந்தாலும் விடமாட்டேன். ஒரு பிள்ளைக்கு எதற்கு இத்தனை வடமொழி எழுத்து? நான் மகிழ்வரசி என்று கூப்பிட்டேன். அது திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதன் தாய் பூங்கொடி, நூறுநாள் வேலைக்குப் போகிற பெண். சர்க்கரை வியாதி. அரசு மருத்துவமனை மாத்திரை ஒரு பக்கம், பாட்டில் சித்தர் மந்திரித்த தண்ணீர் ஒரு பக்கம். பாட்டில் சித்தர் என்பது நான் வைத்த பெயர். ஊரில் சாமி என்பார்கள். முன்பு மோட்டாருக்குச் சுருள் கட்டிக்கொண்டிருந்தவர். மோட்டார் எரிந்தால் ஆள் திரும்பி வந்து சட்டையைப் பிடிக்கிறான். மந்திரம் எரிந்தால் எவனும் வருவதில்லை. தொழிலை மாற்றிக்கொண்டார். அவர் தண்ணீர் பயிருக்கும் ஆகும், மாட்டுக்கும் ஆகும், மனிதனுக்கும் ஆகுமாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் குடி என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றது. நான் என்ன சொன்னேன்? பாட்டிலை உடை, நான் வந்து தெருமுனையில் பேசுகிறேன் என்றேன். அது கேட்கவில்லை.

"பேச்சுக்கு எங்கம்மா மசியாது ஐயா. காட்டுனாத்தான்."

தாயும் மகளும் ஒரு பந்தயம் கட்டியிருந்தார்கள். மந்திரித்த தண்ணீர் செடிக்கு வேலை செய்தால் தாய் மாத்திரையை விட்டுவிடுவாள். செய்யாவிட்டால் தண்ணீரை விட்டுவிடுவாள். இப்படி ஒரு பந்தயம் கட்டலாமா? தாயின் உயிரைக் கொண்டுபோய் வெண்டைச் செடியில் தொங்கவிட்டதே என்று கேட்டேன். "ஒழுங்கா செஞ்சா சரியா வரும் ஐயா" என்றது.

ஒழுங்கு எப்படிப்பட்ட ஒழுங்கு, கேளுங்கள். முதலில் கருதுகோள். கருதுகோள் என்றால் இப்படி இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதாம். இருக்கலாம்! என் பொதுவாழ்வில் ஒரு மேடையில்கூட நான் "இருக்கலாம்" என்று பேசியதில்லை. பேசினால் கைதட்டல் வராது. இந்தப் பிள்ளையோ கரும்பலகையில், "மந்திரித்த தண்ணீரால் வளர்ச்சியில் வேறுபாடு இராது" என்று எழுதி, பக்கத்திலேயே "இது தவறாகவும் இருக்கலாம்" என்றும் எழுதிவைத்தது. எதிரிக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பது இது. அழிக்கப் போனேன். டீச்சர் என் கையிலிருந்து டஸ்டரை வாங்கிக்கொண்டார்.

பிறகு தொட்டிகள். எல்லாம் ஒரே மண், ஒரே விதை, ஒரே வெயில். சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாக வைத்தார்கள். இரண்டு குடம், இரண்டிலும் பள்ளி ஆழ்குழாய்த் தண்ணீர். சித்தர் வந்து ஒன்றின்மேல் முணுமுணுப்பார். மற்றதைத் தொடமாட்டார். அப்புறம் எஸ்தர் டீச்சர் குடங்களைத் தனியாக எடுத்துப்போய் ஒன்றின் கழுத்தில் கறுப்புக் கயிறு, மற்றதில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு வருவார். தொட்டிகளிலும் பாதிக்குக் கறுப்பு, பாதிக்குச் சிவப்பு. பிள்ளைகள் கறுப்புக்குக் கறுப்பு, சிவப்புக்குச் சிவப்பு ஊற்ற வேண்டும். எது மந்திரித்தது என்று டீச்சரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் தொட்டிப் பக்கமே வரமாட்டார்.

ஏன் இந்த ஒளிவுமறைவு என்றேன்.

"தெரிஞ்சா நம்ம கை ஒரு பக்கமா சாயும் ஐயா."

சாயட்டுமே! சாய்வதற்குத்தானே கொள்கை!

சரி, ஒன்றை மட்டும் சொல், மந்திரிக்காத தண்ணீர் ஊற்றுகிற தொட்டிகளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "அதுதான் கட்டுப்பாடு ஐயா" என்றது. அறிவியலில் அப்படித்தான் சொல்வார்களாம். எதையும் சேர்க்காமல் சும்மா வைத்துக்கொண்டு, மற்றதை அதோடு ஒப்பிடுவதாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கட்டுப்பாடு! நம்முடைய சொல்! ஒரு பக்கம் மந்திரம், எதிர்ப்பக்கம் கட்டுப்பாடு. கட்டுப்பாடு என்றால் எந்த நிறமாக இருக்கும்? உங்களைத்தான் கேட்கிறேன். இந்த நாட்டில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். டீச்சர் மனத்துக்குள் நம் ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாள்தோறும் போக ஆரம்பித்தேன். ஆடு மேயாமல் காவல் இருக்கிறேன் என்று சொன்னேன். வேலையற்ற கிழவன் என்று வாட்ச்மேன் விட்டுவிட்டார். பார்த்தால் கறுப்பும் சிவப்பும் ஒரே உயரம் வளர்கின்றன. ஒரே உயரம்! இப்படியே முடிந்தால் என்ன ஆகும்? சமம் என்பார்கள். சமம் என்று அறிவித்தால் எவன் காதில் ஏறும்? சித்தர் தோற்றதாக யார் பேசுவார்கள்? மக்களுக்கு வெற்றி தெரிய வேண்டும், தம்பி. கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

என் வீட்டில் இரண்டு ஆடு உண்டு. புழுக்கையை ஊறவைத்துக் கரைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு இதே பேருந்தில் வருவேன். அந்தக் கண்டக்டர்தான். "பெரியவரே, என்ன சாப்பாடு இது, பஸ்ஸே நாறுது" என்பார். அறிவியல் என்பேன். கறுப்புத் தொட்டிகளுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இது ஏமாற்றா? ஏமாற்று என்றால் பொய்யை உண்மை ஆக்குவது. நான் உண்மைக்குத்தானே ஊற்றினேன். உண்மைக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் காட்டக் கூடாதா?

வளர்ந்தன பாருங்கள். கறுப்புச் செடி என் இடுப்புக்கு வந்தது. சிவப்பு முழங்காலில் நின்றது. முடிவு அறிவிக்கும் நாள் வருவதற்குள் நான் துண்டறிக்கை அடித்துவிட்டேன். தெரிந்த முடிவுக்கு எதற்காகக் காத்திருப்பது? "கறுப்பு வென்றது!" என்று தலைப்பு. உள்ளே நாலு பக்கம். "மேலக்கொன்றைப் பள்ளியில் கறுப்புக் கயிறு கட்டிய செடிகள் காட்டிய வழியில் நாமும் நடப்போம், செங்கண்ணன் நேரில் கண்ட உண்மை" என்று இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில். காலையிலேயே ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டேன். கோயில் வாசலில்கூட.

அப்புறம் மன்றத்தில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சித்தர் வந்திருந்தார். பூங்கொடியும் காலில் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கால்விரலில் புண், ஆறவில்லை. பிள்ளைகள் உயரத்தை எல்லாம் படித்தார்கள். கறுப்பு அதிகம் என்றார்கள். நான் எழுந்து கைதட்டினேன். டீச்சரின் முகம் என்னவோபோல இருந்தது. மெதுவாகச் சொன்னார், கறுப்புத்தான் சாமி மந்திரித்த தண்ணீர் என்று.

என் கை தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லி மூளையிலிருந்து தகவல் வரச் சற்று நேரம் ஆனது.

சித்தர் நேராக என்னிடம் வந்தார். தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். என் பொதுவாழ்வில் எனக்கு விழுந்த ஒரே பொன்னாடை அதுதான், தம்பி. ஊரே பார்த்தது.

அதோடு விட்டாரா? மறுநாள் முதல் அவருடைய பாட்டில்களில் என் துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தை வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். தடித்த எழுத்து, கீழே என் பெயர். நான் டீ குடிக்கிற கடையிலேயே அது விற்பனை ஆகிறது. "நீங்க எழுதுனதாமே, ராசியான எழுத்து" என்கிறான் கடைக்காரன்.

பூங்கொடி மாத்திரையை நிறுத்திவிட்டாள். சித்தர் சொன்னதற்காகக்கூட இல்லையாம். என்ன சொன்னாளாம் தெரியுமா? "சாமியே இல்லேங்கிற மனுசனே எழுதிட்டாரு. அவருக்கு என்ன ஆதாயம்?" என்றாளாம். என் நேர்மைக்கு இந்த வட்டாரத்தில் அவ்வளவு மதிப்பு. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்குள் அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. இரண்டு வகைத் தொட்டி மண்ணையும் முகர்ந்து பார்த்திருக்கிறது. கறுப்பில் கரையாத புழுக்கை கிடந்திருக்கிறது. சிவப்பில் இல்லை. யாரிடம் ஆடு என்று விசாரித்துக்கொண்டு பேருந்து ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டது. சீருடையோடு நின்றது. ஆட்டைப் பார்த்தது. கொடியில் கவிழ்த்து மாட்டியிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தது. ஊற்றினீர்களா என்று கேட்கவில்லை. "ஐயா, எதுன்னு நினைச்சு ஊத்துனீங்க?" என்று கேட்டது.

கட்டுப்பாட்டுக்குத்தான் என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"கட்டுப்பாடு சிவப்பு ஐயா."

அதைத்தான் இப்போது ஊரே சொல்கிறதே என்றேன். அது மேலே ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன், திட்டுக்குப் பதில் என்னிடம் எப்போதும் உண்டு. அது என்ன சொன்னது தெரியுமா? எருவும் தண்ணீரும் சேர்ந்துவிட்டதால் எதனால் வளர்ந்தது என்று சொல்ல முடியாதாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டுமாம். "இதுல நீங்க ஒரு மாறி ஐயா, எங்களுக்குத் தெரியாத மாறி" என்றது.

மாறி! முதலில் மாரி என்று காதில் விழுந்தது. என்னடா, நாத்திகனை அம்மன் ஆக்குகிறாளே என்று பார்த்தேன். இல்லை, வல்லின றகரம். மாறி! கட்சி மாறி, கொள்கை மாறி என்று எத்தனை பேரை நான் மேடையில் கிழித்திருப்பேன்? ஒருநாளும் நான் மாறியதில்லை. உண்ட சோற்றுக்கும் மாறவில்லை, உதைத்த பூட்ஸுக்கும் மாறவில்லை. வெளியே போ என்று கத்திவிட்டேன். ஆடுகூட மிரண்டு கட்டுத்தறியைச் சுற்றியது. அது போகவில்லை. மாறி என்றால் மாறக்கூடிய ஒரு காரணி, பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னது. திட்டு இல்லையாம்.

அப்படியானால் மறுபடி செய், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றேன். அறிவியலில் மறுபடி செய்வதுதானே முறை என்றேன். எனக்கும் தெரியும்.

"முதல்லேர்ந்து போட்டாச்சு ஐயா. ஆனா அது வளர்ந்து நிக்கிறவரைக்கும் எங்கம்மா கால் தாங்காது."

புண் விரலிலிருந்து பாதத்துக்கு ஏறிவிட்டதாம். மருத்துவமனையில் உடனே வந்து சேரச் சொல்கிறார்கள். தாய் வரமாட்டேன் என்கிறாள். எரு ஊற்றியிருக்கிறார்கள் என்று மகள் சொன்னால் நம்பவில்லை. டீச்சர் சொன்னால், வேதக்காரம்மா நம்ம சாமியைப் பற்றி வேறெப்படிச் சொல்லும் என்கிறாள். யார் எழுதினாரோ அவர் வாயால் சொல்லட்டும் என்கிறாள்.

"ஒரு வரி போதும் ஐயா. நான்தான் ஊத்துனேன்னு. வெள்ளிக்கிழமை காலையில அம்மாவை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டு வர்றேன். எதுத்தாப்புல ஆஸ்பத்திரி பஸ் வரும். நீங்க சொன்னா ஏறும்."

சொல்லாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அது ஆட்டுக்குக் கொஞ்சம் தழை ஒடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதனால்தான் உங்கள் மடியில் தேங்காய், என் மடியில் இந்த ஒரு வரி.

நீங்களே சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று, நாலு பேர் பார்க்க, நாத்திகன் செடிக்குத் திருட்டுத்தனமாக எரு ஊற்றினான் என்று நானே சொல்வதா? சித்தர் சும்மா இருப்பாரா? மறுநாளே அதையும் அச்சடித்துப் பாட்டிலில் ஒட்டுவார். இத்தனை ஆண்டு நான் பேசியதெல்லாம் தூக்குச்சட்டிப் புரட்டு என்பார். நான் வெல்வது முக்கியமில்லை, தம்பி, பகுத்தறிவு வெல்ல வேண்டும். அதற்காகத்தான் முன்னுரையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கேளுங்கள், சரியாக வருகிறதா பாருங்கள்.

அன்பார்ந்த பொதுமக்களே, சூழ்ச்சியின் காரணமாக, வரலாற்றுக் கட்டாயத்தால், தொட்டிகளுக்கு எரு ஊற்றப்பட்டது.

ஊற்றப்பட்டது. ஆமாம், யார் ஊற்றியது என்று இதில் இல்லை. நீங்கள் கவனமாகக் கேட்கிறீர்கள். திருநீறு மூளைக்குள் இறங்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம்.

பூங்கொடி அவர்களே, நாம்தான் ஊற்றினோம்.

நாம் யார்? நாம் என்றால் இயக்கம். இயக்கம் என்றால் நான்தானே. எல்லாம் ஒன்றுதான். இல்லையா? அந்தப் பெண்ணுக்குப் புரியாது என்கிறீர்கள். மேடையில் "நாம்" என்றே பேசிப் பழகிய நாக்கு, தம்பி. "நான்" என்று சொன்னால் ஒல்லியாக இருக்கிறது. பின்னால் யாரும் நிற்காத மாதிரி இருக்கிறது.

விசில் அடித்துவிட்டான். வந்துவிட்டதா? குனிந்து பாருங்கள், புளியமரத்துக்குக் கீழே யார் நிற்கிறார்கள்?

அதுதான். பூங்கொடிதான். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவ்வளவு பருமனான பெண், இப்போது பாருங்கள், புடவை ஆளைத் தேடுகிறது. இன்னொரு கையில் பாட்டில். என் பெயர் இங்கிருந்தே தெரிகிறது. தடித்த எழுத்தில் போடச் சொன்னவன் நான்தானே.

எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி பஸ் திரும்பிவிட்டது.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். பை வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். அது நாலு பக்கம். அவளுக்கு ஒரு வரி போதுமாம். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தேங்காயைச் சுற்ற ஆகும். படிப்பதாக இருந்தால் இரண்டாம் பக்கத்தை விட்டுவிட்டுப் படியுங்கள்.

கண்டக்டர், இருய்யா, வயசானவன் இறங்க வேண்டாமா. அந்த பஸ்ஸுக்கும் ஒரு விசில் கொடுத்து நிறுத்து.

ஹர்ஷவர்தினி! ஏ பிள்ளை, ஹர்ஷவர்தினி! அம்மாவை இந்தப் பக்கம் திருப்பு. நான்தான் வந்திருக்கேன். நான்தான்.